இன்ஜினைத் தேடும் முன் சேஸைப் பாருங்கள்

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியில் கே.டி.எம். டியூக் 390 இன்ஜினைப் பொருத்தி ஓட்டிக் காட்டும் காணொளிகளுக்குத் தமிழ் இளைஞர்களிடம் நல்ல வரவேற்பு இருக்கிறது. 1985 முதல் 1996 வரை விற்பனையில் இருந்த அந்தச் சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு, உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு தாண்டியும் மவுசு குறையவில்லை. அதன் தோற்றமும் வேண்டும், இன்றைய இன்ஜினின் வேகமும் வேண்டும் என்ற ஆசையில்தான் இன்ஜின் மாற்று வேலை தொடங்குகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால், அந்த ஆசையோடு பட்டறைக்குப் போகிறவர் முதலில் கேட்பது 'எந்த இன்ஜின் போடலாம்?' என்றுதான். எந்தச் சேஸில் போடப்போகிறோம், அது எதுவரை தாங்கும் என்ற கேள்வி, இன்ஜினை விலைபேசி வாங்கிவந்த பிறகே எழுகிறது. இந்த வரிசை தலைகீழானது. சேஸை முதலில் முடிவுசெய்து, அது தாங்கக்கூடிய இன்ஜினைப் பிறகு தேட வேண்டும். ஓட்டுகிறவரின் உயிரைக் காப்பதற்கும், இன்று சட்டத்துக்கு வெளியே நடக்கும் இந்த வேலையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கும் அதுவே சரியான தொடக்கம்.

இதைத் தருமபுரியை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டு பேர் அமர்ந்து போகும் மொபெட்டாக டி.வி.எஸ். 50 வெளிவந்தது 1980இல், ஓசூரிலிருந்து. 1984இல் சுசுகியோடு சேர்ந்து 100 சி.சி. மோட்டார் சைக்கிளும் அங்கே தயாரானது. பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர் பக்கத்து இளைஞர்கள் பலர் இன்றைக்கும் ஓசூர் ஆலைகளிலும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு கம்பெனிகளிலும் வேலை பார்க்கிறார்கள். லேத், வெல்டிங், அளவெடுக்கும் வெர்னியர் எல்லாம் பழகிய கைகள் அவை. அதே மாவட்டத்தின் சாலைகளோ கடுமையானவை. தேசிய நெடுஞ்சாலை 44இல் தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கம், ஒகேனக்கல் மலைப்பாதை, அரூரிலிருந்து சேலம் போகும் வழியில் மஞ்சவாடிக் கணவாய் என்று பிரேக்கையும் சேஸையும் ஒருசேரச் சோதிக்கும் வளைவுகள் இங்கே நிறைய. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே மிக அதிகம். அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்தச் சாவுகளுக்கு இன்ஜின் மாற்றம் காரணம் என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பு விளிம்பு இவ்வளவு குறுகிய ஒரு வாகனத்தில், எதை மாற்றினாலும் அந்த விளிம்பை மேலும் குறுக்கிவிடக் கூடாது என்பதே சொல்ல வருவது.

சேஸ் என்றால் இன்ஜினும் டேங்கும் சீட்டும் உட்காரும் இரும்புக் கூடு என்று மட்டும் நினைப்பது வழக்கம். அதன் முதன்மையான வேலை வேறு. முன்னால் ஃபோர்க் திரும்பும் தலைப்பகுதியையும், பின்னால் ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சையும் ஒன்றுக்கொன்று திருகாமல் பிடித்துவைப்பதுதான் அது. இந்த இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் முறுக்கம் வந்தால் முன்சக்கரம் ஒரு கோட்டிலும் பின்சக்கரம் வேறு கோட்டிலும் ஓடும். மெதுவாகப் போகும்போது தெரியாது. எண்பதைத் தாண்டி ஒரு வளைவில் சாய்க்கும்போது ஹேண்டில் ஆடத் தொடங்கும். இதோடு செயினின் இழுப்பும் சேர்கிறது. கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருக்கும்போது செயின் பின்சக்கரத்தை இன்ஜினை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் இன்ஜின் போல்ட்டுகளிலும், அவற்றுக்கும் ஸ்விங் ஆர்ம் அச்சுக்கும் நடுவே உள்ள குழாய்களிலும் இறங்குகிறது. செயின் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் இழுப்பும் ஒரு பக்கமாகவே விழுகிறது. ஆர்.எக்ஸ். 100இன் 98 சி.சி. இன்ஜின் தரும் முறுக்குவிசை சுமார் 10.4 நியூட்டன் மீட்டர். திறன் 11 குதிரைத்திறன். முதலில் வந்த டியூக் 390இன் 373 சி.சி. இன்ஜினுக்கு முறுக்குவிசை 35. திறன் சுமார் 43. அதாவது, முறுக்குவிசை மூன்று மடங்குக்கு மேல், திறன் ஏறத்தாழ நான்கு மடங்கு. பதினொரு குதிரைத்திறனுக்காக வடிவமைத்த மெல்லிய குழாய்களிடம் நாற்பத்து மூன்றைச் சுமக்கச் சொல்லும்போது, எந்த வடிவமைப்பாளரும் கணக்குப் போடாத ஒரு வண்டியைச் சாலையில் இறக்குகிறோம்.

சேஸின் வகையும் இதில் முக்கியம். ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் இன்ஜினுக்கு அடியில் குழாய்கள் வளைந்து வந்து ஒரு தொட்டிலாக மூடிக்கொள்கின்றன. இன்ஜினைக் கழற்றினாலும் சேஸ் தன் உருவத்தோடு நிற்கும். ஹோண்டா ஷைன், யூனிகார்ன் போன்றவற்றில் இருப்பது டைமண்ட் வகை. முன்னால் இறங்கும் குழாய் பாதியில் நின்றுவிடும். மீதி இணைப்பை இன்ஜினே தருகிறது. பழைய புல்லட்டும் அப்படித்தான்: இன்ஜின் அங்கே சேஸின் ஒரு உறுப்பு. இப்படிப்பட்ட சேஸிலிருந்து இன்ஜினை எடுத்தால் சேஸின் ஒரு பகுதியையே எடுத்ததாக அர்த்தம். அதன் இடத்தில் வைக்கும் புது இன்ஜினின் அலுமினியக் கூடு அந்தச் சுமையைத் தாங்கும்படி வார்க்கப்பட்டதா என்ற கேள்விக்குப் பட்டறையில் பதில் கிடைக்காது. அதனால், இன்ஜின் மாற்றுவதற்கென்று சேஸ் தேடுகிறவர், தானாக நிற்கக்கூடிய, அடியில் மூடிய தொட்டில் சேஸையே முதலில் பார்க்க வேண்டும். அதற்குள்ளும், சேஸைத் தயாரித்த நிறுவனமே எவ்வளவு திறன்வரை அதில் விற்றது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் அதில் அதிகபட்சமாக விற்ற இன்ஜின்தான் நமக்குத் தெரிந்த, சோதிக்கப்பட்ட எல்லை.

பிரேக்கும் இந்தக் கணக்கில் வரும். ஆர்.எக்ஸ். 100இல் இருப்பது 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். முதலில் வந்த டியூக் 390இன் முன்சக்கரத்தில் 300 மில்லிமீட்டர் டிஸ்க். வேகம் 60லிருந்து 100 கிலோமீட்டருக்கு உயரும்போது வண்டியை நிறுத்த அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்தான் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது இந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சின்ன டிரம்முக்கும் அதே இயற்பியல்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களிலும் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் என்று அரசு விதித்தது சும்மா இல்லை. 373 சி.சி. இன்ஜினைப் பழைய சேஸில் வைக்கிறவர், இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இன்ஜினோடு சேர்த்துச் சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பை விட்டுவிட்டு வருகிறார். பெரிய டிஸ்க்கைப் பொருத்திவிட்டால் போதாதா என்றால், அந்த டிஸ்க் பிடிக்கும்போது எழும் விசையை மெல்லிய ஃபோர்க்கும் அதைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியும் தாங்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கேள்வி சேஸிடம்தான் வந்து நிற்கிறது.

இன்ஜின் மாற்றத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. உலகில் மிகப் புகழ்பெற்ற மாற்று வண்டி, 1950, 60களில் இங்கிலாந்தில் உருவான டிரைட்டன். பெல்பாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த இரட்டைத் தொட்டில் சேஸை நார்ட்டன் நிறுவனம் 1950இல் பந்தயத்தில் இறக்கியது. அந்த ஆண்டே ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஜெஃப் டியூக் அதில் வென்றார். 500 சி.சி. பந்தயக் கார் கட்டியவர்களுக்கு நார்ட்டன் இன்ஜின் தேவைப்பட்டது. இன்ஜினை மட்டும் தனியாக விற்க நிறுவனம் மறுத்ததால், அவர்கள் முழு மோட்டார் சைக்கிளை வாங்கி இன்ஜினைக் கழற்றிக்கொண்டார்கள். உலகின் தலைசிறந்த சேஸ்கள் இன்ஜின் இல்லாமல் மிஞ்சின. அவற்றில் டிரையம்ப் இன்ஜினை வைத்தபோது பிறந்ததுதான் டிரைட்டன். அங்கே முதலில் கைக்கு வந்தது நல்ல சேஸ். இன்ஜின் அதற்காகத் தேடப்பட்டது. அந்த வண்டி நிலைத்ததற்குக் காரணம் அந்த வரிசைதான்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. புல்லட் சேஸில் 325 சி.சி. கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் இன்ஜினைப் பொருத்தி ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 'டாரஸ்' என்ற பெயரில் விற்றது. அதன் திறன் வெறும் 6.5 குதிரைத்திறன். அந்தக் காலத்து 350 சி.சி. பெட்ரோல் புல்லட்டின் திறன் சுமார் 18. அதாவது, தன் வழக்கமான சுமையில் மூன்றில் ஒரு பங்கு அளவு திறனையே அந்தச் சேஸ் கையாண்டது. டீசல் புல்லட்டின் அதிர்வு பேர்போனது. வேகமும் மிகக் குறைவு. ஆனாலும் அது பல்லாண்டுகள் ஓடியதற்குக் காரணம், சேஸின் தாங்குதிறன் இன்ஜினின் திறனைவிட வெகுவாக மிஞ்சியிருந்ததுதான். ஆர்.எக்ஸ். 100இல் 390 இன்ஜின் வைக்கும்போது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. டாரஸில் சேஸ் மிஞ்சியது, இன்ஜின் குறைந்தது. இங்கே இன்ஜின் மிஞ்சுகிறது, சேஸ் குறைகிறது. இரண்டையும் 'இன்ஜின் மாற்றம்' என்ற ஒரே பெயரால் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

'வருஷக்கணக்கா ஓட்டறோம், ஒண்ணும் ஆகலையே' என்பது பட்டறைகளில் கேட்கும் முதல் மறுப்பு. அனுபவத்திலிருந்து வரும் பேச்சு என்பதால் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால், இரும்பு உடையும் விதத்தைப் பார்த்தால் இந்த ஆறுதல் நிலைக்காது. தாங்க முடியாத சுமை ஒரே தடவை விழுந்து சேஸ் உடைவது அரிது. தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போது, வெல்டிங்கின் ஓரத்திலோ போல்ட் துளையின் விளிம்பிலோ முடி அளவு விரிசல் தொடங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, மிச்சமிருக்கும் இரும்பு போதாத ஒரு நாளில் சட்டென்று விட்டுவிடுகிறது. உலோகக் களைப்பு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். 1954இல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. ஒவ்வொரு பயணத்திலும் காற்றழுத்தம் ஏறி இறங்கியதில் உடற்பகுதியில் வளர்ந்த களைப்பு விரிசலே காரணம் என்று விசாரணை கண்டுபிடித்தது. விழுந்த நாளுக்கு முந்தைய நாள்வரை அவையும் நன்றாகப் பறந்தவைதான். நேற்றுவரை ஓடியது என்பது, விரிசல் இன்னும் முற்றவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

'அதற்குத்தான் தகடு வைத்து வெல்டிங் அடித்து உறுதிப்படுத்துகிறோமே' என்பது அடுத்த மறுப்பு. உறுதிப்படுத்துவது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது; பந்தய வண்டிகளில் அதைக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஆனால், சேஸின் ஒரு இடத்தை மட்டும் கட்டியாக்கினால், அதுவரை பரவலாக வளைந்து பகிர்ந்துகொண்ட சுமை, கட்டியான பகுதி முடியும் விளிம்பில் குவியும். அடுத்த விரிசல் அங்கே தொடங்கும். மெல்லிய குழாயில் சாதாரண ஆர்க் வெல்டிங் அடிக்கும்போது, உருகிய கோட்டின் பக்கத்தில் உள்ள இரும்பும் சூடேறித் தன் பழைய குணத்தை இழக்கிறது. குழாய் குளிரும்போது இழுத்துக்கொண்டு கோணமும் மாறுகிறது. ஆலையில் சேஸைப் பிடிமானச் சட்டத்தில் இறுக்கிவைத்து வெல்டிங் செய்வது இந்த இழுப்பைத் தடுக்கத்தான். ஓசூரில் அந்தச் சட்டத்தோடு வேலை பார்க்கும் இளைஞருக்கு, அது இல்லாமல் தரையில் கல் முட்டுக் கொடுத்து அடிக்கும் வெல்டிங்கின் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நல்ல தேர்வு எப்படி இருக்கும்? சேஸ் எண்ணில் தொடங்க வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே தலைப்பகுதியில் பொறித்திருக்கும் எண் தெளிவாக இருக்கிறதா, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா, பெயர் மாற்றம் முறையாக நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். அடுத்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் சேஸைப் பார்க்க வேண்டும். தலைப்பகுதிக் குழாயும் மேல் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால், அடியில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயத் திரவத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால் போதும். விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு கசிந்து வரும். செலவு குறைவான இந்தச் சோதனை வெல்டிங் தரம் பார்க்கும் இடங்களில் வழக்கமானது. பிறகு இரண்டு சக்கரங்களையும் மாட்டி, பக்கவாட்டில் நூல் பிடித்து, ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மோதி நிமிர்த்திய சேஸ் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் தேறிய சேஸில், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் இன்ஜின் கூட்டை வைத்துப் பொருத்தம் பார்க்கலாம். முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். முன் ஸ்பிராக்கெட் ஸ்விங் ஆர்ம் அச்சுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தூரம் கூடினால் பின்சக்கரம் மேலே போய்க் கீழே வரும்போதெல்லாம் செயின் இறுகித் தளரும். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது முன்சக்கரம் சைலன்சர் குழாயிலோ ரேடியேட்டரிலோ இடிக்கக் கூடாது. பழைய இன்ஜின் இருந்த உயரத்திலேயே புதியதும் உட்கார வேண்டும். எடை மேலேறினால் வண்டியின் நிதானம் கெடும். கடைசியாக ஒரு எளிய அளவுகோல்: சேஸின் முதன்மைக் குழாய் எதிலும் வெட்டோ வெல்டிங்கோ படாமல், ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களில் மாட்டிய தகடுகளில் இன்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் குழாயை வெட்டுவதற்குப் பதிலாகச் சேஸை மாற்றுங்கள். தேர்வு தவறு என்பதைச் சேஸே சொல்லிவிட்டது.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாநில விதிகளைக் காட்டியும் இதை மீற முடியாது என்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று தண்டனை வைத்தது. இன்று ஒருவர் வேறு வகை இன்ஜினைப் பொருத்தி தருமபுரியின் டி.என். 29 எண்ணோடு சாலையில் இறங்கினால், அது குற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும் வாய்ப்பும், இழப்பீட்டுச் சுமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும் ஆபத்தும் இருக்கின்றன. இந்த நிலையில் சாலைக்காக இன்ஜினை மாற்றுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். சட்டத்தை மதித்துக்கொண்டே சட்டம் மாற வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஏனென்றால், இப்போதைய தடை நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 500 இரண்டும் ஏறத்தாழ ஒரே சேஸில், ஒரே நிறுவனத்தால், முறையான சோதனைகளைத் தாண்டி விற்கப்பட்டவை. 350 சேஸில் 500 இன்ஜினை வைப்பதும், ஆர்.எக்ஸ். 100இல் 390 இன்ஜினை வைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே குற்றம். ஆபத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால், பாதுகாப்பான மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. ஒளிந்து செய்கிறவர் எப்படியும் ஒளிந்துதான் செய்யப்போகிறார். செய்வதே செய்கிறோம், பெரிய இன்ஜினாகவே வைப்போம் என்றுதான் நினைப்பார். சென்னையின் மீன்பாடி வண்டிகள் இதற்கு ஒரு பாடம். மிதிப்பதற்கென்று கட்டிய மூன்று சக்கரக் கூட்டில் பழைய பைக் இன்ஜினை வைத்து ஓட்டுவது, சேஸைப் பற்றியே நினைக்காத மாற்றத்தின் உச்சம். தடையும் வழக்கும் பறிமுதலும் வந்த பிறகும் அவை சாலையில் தென்பட்டன. தேவையும் திறனும் இருக்கும் இடத்தில், மாற்று வழி காட்டாத தடை மட்டும் ஒன்றை ஒழித்துவிடாது.

வழி காட்டுவது நம் சட்டத்துக்குப் புதிதும் இல்லை. பெட்ரோல் வண்டியை சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற்ற 52ஆம் பிரிவே இடம் தருகிறது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் சோதித்துச் சான்றளித்த கிட், பயிற்சி பெற்றவரின் பொருத்துதல், பிறகு ஆர்.சி.யில் பதிவு என்று அதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரையும் கனமான பேட்டரியையும் ஒரு சேஸில் வைப்பதும் இன்ஜின் மாற்றம்தானே? அதைச் சோதித்து அனுமதிக்க முடியும் என்றால், இதையும் முடியும். பிரிட்டனில் நெடுங்காலம் ஒரு புள்ளி முறை இருந்தது. மாற்றியமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. அதில் சேஸுக்கு ஐந்து புள்ளி, இன்ஜினுக்கு ஒன்று. வண்டியின் அடையாளம் சேஸில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே அடிப்படையில், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு குறுகிய வாசலைத் திறக்கலாம். சேஸ் எண்ணும் முதன்மைக் குழாய்களும் தொடப்படாமல் இருக்க வேண்டும். புதிய இன்ஜினின் திறன், அந்தச் சேஸ் குடும்பத்தில் தயாரிப்பாளர் விற்ற அதிகபட்சத் திறனைத் தாண்டக் கூடாது. புதிய சி.சி.க்கு இன்றைய சட்டம் எந்த பிரேக்கைக் கேட்கிறதோ அது இருக்க வேண்டும். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும். திருட்டு இன்ஜின்களுக்கு இந்த வாசல் உதவிவிடக் கூடாது. புகை அளவும் தேற வேண்டும். இந்த நிபந்தனைகளில் கிளாசிக் 350இல் 500 இன்ஜின் தேறும், ஆர்.எக்ஸ். 100இல் 390 இன்ஜின் முதல் சுற்றிலேயே விழும். விதியின் நோக்கமும் அதுதான். சோதிக்கும் வசதிக்காக வடநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆரம்பப் பரிசோதனையை மாவட்டத்திலேயே செய்யலாம். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையும், கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ.யும் சேஸ் அளவீட்டையும் விரிசல் சோதனையையும் மாணவர்களைக் கொண்டே நடத்த முடியும். மோட்டார் வாகன ஆய்வாளரின் மேஜைக்குப் போகும் முன்பே, தேறாத சேஸ்கள் வடிகட்டப்பட்டுவிடும்.

அனுமதி கொடுத்தால் வேகப் பைத்தியம் கூடும் என்று பெற்றோரும் காவல் துறையினரும் அஞ்சலாம். நியாயமான அச்சம். ஆனால், வேகத்துக்காக மட்டும் மாற்றுகிறவருக்கு மேலே சொன்ன திறன் வரம்பில் எந்த லாபமும் இல்லை. அவருக்கு இந்த வாசல் மூடியே இருக்கும். அவருக்கான இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும். உரிமம், பாதுகாப்பு உடை, ஆம்புலன்ஸ் எல்லாவற்றோடும் வேகத்தைச் சோதிக்கும் இடங்கள் அவை. ஏற்கெனவே கூட்டம் நிரம்பிவழியும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு இது கூடுதல் சுமை என்பது இன்னொரு மறுப்பு. சோதனைச் செலவை விண்ணப்பிப்பவரே கட்டணமாகச் செலுத்தட்டும். ஒளிந்து ஓடும் வண்டியைத் துரத்திப் பிடிக்க அரசு செய்யும் செலவைவிட, வாசலில் நிறுத்திச் சோதிக்கும் செலவு குறைவாகவே இருக்கும். வசதியற்றவர்களால் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதே என்றால், நல்ல பிரேக்குக்கும் சோதனைக்கும் பணம் இல்லாத நிலையில் பெரிய இன்ஜினுக்கு மட்டும் பணம் செலவிடுவது யாருக்கும் நல்லதல்ல என்பதே நேர்மையான பதில்.

இந்த விதி வரும்வரை சாலை வண்டியின் இன்ஜினைத் தொடாமல் இருப்பதே முறை. அதற்காகக் கற்றுக்கொள்வதை நிறுத்த வேண்டியதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதே வகை இன்ஜினை முறைப்படி அனுமதி பெற்றுச் சீரமைக்கலாம். சேஸைக் கழற்றி விரிசல் பார்க்கலாம். பிரேக்கையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் புதிதாக்கலாம். பட்டறைக்காரர்கள் இன்ஜின் விலையைச் சொல்லும் முன் 'சேஸ் என்ன, ஆர்.சி. எங்கே?' என்று கேட்கும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம். பொருந்தாத வேலையை முடியாது என்று திருப்பி அனுப்பலாம். கல்லூரிகள் இந்தச் சோதனைகளை இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட்டாக எடுத்து, எந்தச் சேஸ் எதைத் தாங்கும் என்ற தரவைச் சேர்க்கலாம். நாளைக்கு விதி எழுதுகிறவர்களுக்கு அந்தத் தரவு தேவைப்படும். மாவட்டத்தின் மக்களவை உறுப்பினர் இதை அமைச்சகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டுக்கே இருசக்கர வாகனம் செய்துகொடுத்த மண்ணின் இளைஞர்களுக்கு, தங்கள் திறனை வெளிச்சத்தில் காட்டும் உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கேட்கும் தகுதி, இன்ஜினின் சத்தத்தை முன்னிறுத்துகிறவர்களைவிடச் சேஸின் உறுதியை முன்னிறுத்துகிறவர்களுக்கே உண்டு.